மாறின கதிரை

முதலே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம். ஆறட்டும், ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவதில் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் மட்டும் பிழை பிடிக்காதீர்கள்.

எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இப்போது இரண்டு கதிரைகள் நிற்கின்றன. இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் கைபிடி வைத்தவை, இரண்டும் ஒரே தச்சன் செய்தவை. ஒன்று மழையில் நனைந்து பெயின்ற் பொருமிக் கிடக்கிறது. வெயிலில் அது காயக் காயப் பழைய பெயின்றின் மணம் எழும்பி வீட்டுக்குள் வருகிறது. விடிய விபூதி பூசிக்கொண்டு சாமிப் படத்துக்கு முன்னால் நின்றால் கற்பூர மணத்தோடு அந்த மணமும் வந்து நிற்கிறது. வாயில் தேவாரம் போகிறது, மனம் வேறெங்கோ போகிறது. என் மனுசி குசினிக்குள் இருந்து கேட்கிறாள்:

"இஞ்சேருங்கோ, சாமிக்கு முன்னால நிண்டு ஆரோட சண்டை பிடிக்கிறியள்?"

"ஒருத்தரோடயும் இல்லை."

"பல்லைக் கடிக்கிற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது."

அந்த மணத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கப்பல் பெயின்ற். கடையில் வாங்குகிற பெயின்றுக்கு அந்த மணம் கிடையாது. எங்கள் அப்பா துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்தவர். அடிப்பதென்றால் முதலில் துரு தட்ட வேண்டும். சின்னச் சுத்தியலால் நாள் முழுக்கத் தட்டித் தட்டி, பின்னேரம் வீட்டுக்கு வந்து "சோறு போடு" என்று சொல்லும்போதும் காதுக்குள் தட்டுகிற சத்தம் நிற்காதாம். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் கதைப்போம். நான் இன்றைக்கும் அப்படித்தான். பேரப்பிள்ளைகள் ஃபோனைத் தூரப் பிடித்துக்கொண்டு என்னோடு கதைக்கிறார்கள்.

லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீட்டு ஆம்பிளைகள் துறைமுகத்தில்தான் வேலை. வேலை முடிந்தால் பேணியின் அடியில் கொஞ்சம் பெயின்ற் மிஞ்சும். எறிகிறதைக் கொண்டுவருவது களவில்லை என்று அப்பா சொல்லுவார். மிஞ்ச வேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொண்டு அடிப்பாரோ தெரியாது, எப்படியும் மிஞ்சும். அந்த ஒரே சாம்பல் நிறம்தான் ஒழுங்கை முழுக்க. வாசல் படலை சாம்பல், கிணற்று வாளி சாம்பல், தொட்டில் சாம்பல், கிளிக்கூடு சாம்பல். ஒருமுறை முடக்கில் இருக்கிற பிள்ளையார் கோயில் இரும்புக் கதவுக்கும் அப்பாவும் மற்றவர்களும் சேர்ந்து அதையே அடித்துவிட்டார்கள். விடியப் பூசைக்கு வந்த ஐயர் கதவடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது கோயிலோ, கப்பலோ? பிள்ளையாரைக் கப்பலில ஏத்திப்போட்டியள்."

"கடல் காத்துக்குத் துருப் பிடிக்காது ஐயா," என்றார் அப்பா.

"பிள்ளையாருக்குத் தலை சுத்தாமல் இருந்தால் சரி."

தூரத்தில் இருந்து யாராவது வந்து வழி கேட்டால், "சாம்பல் படலை துவங்கிற இடத்தில இருந்து எங்கட ஒழுங்கை" என்று சொல்லுவோம். ஊர் என்றால் எனக்கு முதலில் அந்த நிறம்தான். இப்போது ஒவ்வொரு மதிலும் ஒவ்வொரு நிறம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஃபோனில் பார்த்துத் தெரிவு செய்த நிறங்கள். அதுவும் பிழையில்லை, இருக்கட்டும். கதிரைக்கு வருகிறேன்.

கதிரைகளும் சாம்பல்தான். கப்பலில் சரக்கு வந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து ஒரே தச்சனிடம் குடுத்துச் செய்வித்தவை. எல்லா வீட்டிலும் ஒரே அளவு, ஒரே உயரம். இருந்து பார்த்தாலும் எது ஆருடையது என்று பிடிக்க ஏலாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் இருக்கைக்குக் கீழே, பெயின்றில் ஆணியால் ஒரு குறி கீறி வைத்திருப்பார்கள். எங்கள் குறி மூன்று கோடு, விபூதி மாதிரி. முடக்குக் கடை ஹனிபா நானா ஒரேயொரு கோடு போட்டிருந்தார். "எனக்குக் கீறத் தெரியாது, இழுக்கத்தான் தெரியும்" என்பார். பக்கத்து வீட்டு லிங்கண்ணை துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் வேலை செய்தவர், அவர் நங்கூரம் கீறியிருந்தார். அது நங்கூரம் என்று அவர் மட்டும்தான் சொல்லுவார். ஊர் முழுக்க அதைக் கோழிக்கால் என்றுதான் சொல்லும்.

ஏன் குறி தேவைப்பட்டது என்றால், கதிரைகள் ஒரு வீட்டில் நிற்பதில்லை. கலியாணம் என்றால் வீட்டுக்காரர் வந்து, வெற்றிலை வைத்து, "உங்கட கதிரையள் வேணும்" என்று கேட்க வேண்டும். கேளாமல் குடுத்தால் மரியாதை இல்லை. ஆனால் செத்த வீடு அப்படியில்லை. செத்த வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கக்கூடாது, கேட்க வைக்கவும் கூடாது. அழுகைச் சத்தம் ஒழுங்கையில் எழும்பினால், சமைத்துக்கொண்டிருந்தவர்கள் பானையை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். ஆம்பிளைகள் கதிரையைத் தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு நடப்பார்கள். நாலு கால் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாகப் போகும். அதைப் பார்த்தால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும், ஆருக்கோ முடிஞ்சுது என்று. ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த பிறகுதான் கதிரைகள் திரும்பும். மஞ்சள் தண்ணி தெளித்து முற்றத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுக் குறி பார்ப்போம். சந்தையில் நண்டைக் கவிழ்த்துப் போட்டமாதிரிக் கால்களைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். "மூண்டு கோடு இஞ்ச", "கோழிக்கால் அங்க" என்று கத்துவோம். "நங்கூரமடா" என்று லிங்கண்ணை திருத்துவார். அவ்வளவு நாளும் அழுதுகொண்டிருந்த வீட்டில் முதல் சிரிப்பு அப்போதுதான் வரும். அதற்காகவே அவர் திருத்தினவரோ என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் எவ்வளவு பார்த்தாலும் ஒன்று இரண்டு மாறிப்போகும். மழை வரும், இருட்டும், ஆரோ அவசரத்தில் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படிச் செத்த வீட்டில் மாறின கதிரையை எங்கள் ஒழுங்கையில் ஒருத்தரும் திருப்பிக் கேட்பதில்லை. திருப்பிக் குடுப்பதும் இல்லை. திருப்பினால் அந்தச் சாவை இன்னொருக்கால் கூப்பிடுகிற மாதிரி. அது அங்கேயே நிற்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாறின கதிரை. காலம் போகப் போக ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீட்டுக் கதிரை ஒன்று நின்றது. எந்த வீட்டுக்குப் போனாலும், "வாங்கோ, உங்கட கதிரை நிக்குது, இருங்கோ" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். இன்னொருத்தர் வீட்டுக்குள் போய், சொந்தக் கதிரையில் இருக்கிறது.

சண்டையும் ஓட்டமுமான பிரச்சினைக் காலத்துக்குச் சற்று முதல் ஹனிபா நானா கடையை மூடிவிட்டு மூதூருக்குப் போய்விட்டார். பிறகொரு நாள் வேலை அலுவலாக நான் லாஞ்சில் கடலைத் தாண்டி மூதூருக்குப் போனபோது அவருடைய வீட்டைத் தேடிப் பிடித்தேன். என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு சாம்பல் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல இரிங்க மருமகன். இது ஒங்கட ஒழுங்கைட கதிரதான். கட ஏத்தின லொறில இதயும் ஏத்திட்டன்."

"ஆற்ற குறி நானா?"

"ஆருக்குத் தெரியும். பொரட்டிப் பாத்தா வேற ஆக்கள்ட எண்டு மனசு சொல்லும். நான் பொரட்டுறல்ல."

கடல் பொங்கி வந்தபோது அந்த வீடு போயிற்று. நானாவின் குடும்பம் தப்பியது, அல்லாவின் காவல். கதிரை கடலோடு போயிருக்கும். கப்பல் பெயின்ற் அடித்த கதிரை, மிதந்திருந்தாலும் மிதந்திருக்கும்.

அப்பா செத்தபோது எனக்கு மீசை அரும்புகிற வயது. அப்பாவுக்கென்று ஒரு கதிரை இருந்தது. கைபிடியில் அவர் கை தேய்ந்து தேய்ந்து சாம்பல் போய் மரம் தெரியும். எட்டுச் செலவன்று நல்ல மழை. குறி பார்க்கவில்லை. லிங்கண்ணை இருட்டில் ஒரு கதிரையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு பக்கத்து வளவுக்கு ஓடினார். விடியப் பார்த்தால் எங்கள் வீட்டில் கோழிக்கால் நிற்கிறது. அப்பாவின் கதிரை அவர்களுடைய வீட்டில்.

அம்மா வேலியடிக்குப் போனா. அங்கே லிங்கண்ணையின் மனுசி பூமணியக்கா நின்றா. கலியாணம் முடித்து வந்து கொஞ்சக் காலம்தான், மூத்தவன் வயிற்றில்.

"பூமணி, உன்ர மனுசன்ர கதிரை இஞ்ச நிக்குது."

"தெரியும் மாமி. மாமான்ர கதிரை இஞ்ச நிக்குது." பூமணியக்கா சொன்னா, "நிக்கட்டும் மாமி. நீங்கள் மாமாவைப் பாக்க வேணும் போல இருந்தா இஞ்சால வாங்கோ."

அம்மா சாகிற வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் போனா. பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டு வருவா. பக்கத்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லமாட்டா. "அவரோட கொஞ்சம் இருந்துட்டு வாறன்" என்பா.

பிரச்சினைக் காலத்தில் எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் எதைத் தூக்கினேன் தெரியுமா, சுவரில் கொழுவியிருந்த மணிக்கூட்டை. அது ஓடாத மணிக்கூடு. என் மனுசி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலை கூட இல்லை. அலுமாரி, கட்டில், கதிரை ஒன்றும் இல்லை. கோழிக்கால் மட்டும் கோழிக் கூட்டுக்குப் பின்னால் கால் முறிந்து கிடந்தது. நான் முற்றத்தில் நிற்கிறேன், பூமணியக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறா.

"தம்பி, ஒரு கயிறு கொண்டு வா. கிணத்துக்குள்ள இறங்க வேணும்."

அவவுடைய வளவில் தூர்ந்துபோன பழைய கிணறு ஒன்று இருந்தது. ஓடுகிற அவசரத்தில் அதற்குள் எங்கள் அப்பாவின் கதிரையைக் கயிறு கட்டி இறக்கி, மேலே தென்னோலை போட்டு மூடிவிட்டுத்தான் ஓடியிருக்கிறா. இறங்கிப் பார்த்தால், மழைத் தண்ணி முழங்காலுக்கு நிற்கிறது, அதற்குள் கதிரை. மேலே எடுத்துத் துடைத்தால் பெயின்ற் அப்படியே இருக்கிறது. அவவுடைய சொந்தத் தையல் மெசின் போய்விட்டது. அந்த மெசினில் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தவ.

"ஏனக்கா, மெசினை இறக்கியிருக்கலாமே."

"மெசின் கடையில விக்கும். மாமான்ர கதிரையை நான் எந்தக் கடையில போய்க் கேக்கிறது?"

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன், கோபத்தில் இல்லை.

லிங்கண்ணையும் பிறகு காலமானார். ஓடுவதற்கு முதல், அவர்களுடைய மூத்தவன் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில், நான் சீனன்குடாப் பக்கம் மா ஆலையில் மூட்டை தூக்கினேன். பின்னேரம் தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளையாக வருவேன். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் பூமணியக்கா படலையடிக்கு வந்துவிடுவா. "பேய் வருது, பிள்ளையள் உள்ள ஓடுங்கோ" என்பா. மூத்தவன் மோகன் ஓடமாட்டான். "மாமாப் பேய், மாமாப் பேய்" என்று என் சாறத்தைப் பிடித்துக்கொண்டு வருவான். என்னை அப்பாவின் கதிரையில் இருத்தி இஞ்சி போட்ட பிளேன்ரீ தருவா. நான் எழும்பினால் கதிரையில் என்னுடைய உருவம் வெள்ளையாக இருக்கும். மோகனை அந்த மாவில் இருத்தித்தான் சோறு தீத்துவா. அவன் வாய் திறக்கமாட்டான். "மாமாட அப்பா பாக்கிறார், திற" என்றால் திறப்பான்.

அந்த மோகனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போன பிறகு பூமணியக்கா தனியே இருந்தா. கூப்பிட்டார்கள், போகவில்லை. "அங்க எனக்கு ஆரைத் தெரியும், குளிரைத்தான் தெரியும்" என்பா. ஒவ்வொரு பின்னேரமும் நான் போய் இருந்தேன், அம்மா போனமாதிரி. கால் முறிந்த கோழிக்காலுக்கு நானே ஒரு புதுக்கால் போட்டு எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்திருந்தேன். அவ வந்தால் அதில்தான் இருப்பா. போன வருசம் உடம்புக்கு முடியாமல் வந்தபோது ஒரு நாள் சொன்னா:

"தம்பி, நான் போனா நீ மாமான்ர கதிரையைத் தலைமாட்டில போட்டுக்கொண்டு இரு. ஆர் அழுகினம், ஆர் நடிக்கினம் எண்டு வடிவாப் பாத்து எனக்குச் சொல்ல வேணும்."

"செத்த ஆளுக்கு எப்பிடியக்கா சொல்லுறது?"

"நீதானே விடிய விடியப் பிள்ளையாரிட்டப் போறனி. அவரிட்டச் சொல்லிவிடு. அவருக்குக் காது பெரிசு."

சிரித்தோம். நான் ஓம் என்று சொன்னேன்.

ஆசுப்பத்திரியில் அவவுடைய உயிர் போனது. செய்தி வந்தவுடனே நான் கோழிக்காலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன். படலை பூட்டு. பூட்டின் திறப்பு, செத்த வீட்டு அலுவல் பார்க்கிற மலர்ச்சாலைக்காரரிடமாம். மோகன் வந்து இறங்கும்வரைக்கும் உடம்பு மலர்ச்சாலையில் இருக்குமாம். கதிரையோடு திரும்பி வந்தேன். என்னுடைய வயதுக்குச் செத்த வீட்டில் இருந்து வெறுங்கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பினது அதுதான் முதல்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மறுபடி போனேன். முற்றம் முழுக்க வெள்ளைத் துணி. பிளாஸ்டிக் கதிரைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் ரிப்பன் கட்டி, கோடு பிடித்தமாதிரி அடுக்கியிருக்கிறது. ஒரே மாதிரி உடுப்புப் போட்ட நாலைந்து பெடியங்கள் நிற்கிறார்கள். ஒருத்தன் வந்து என் தலையில் இருந்த கதிரையைப் பிடித்தான்.

"ஐயா, கதிரை காணும். எங்களிட்ட நிறைய இருக்கு."

"உங்களிட்ட இருக்கும் தம்பி. இது இந்த வீட்டுக் கதிரை."

"வீடியோ போகுது ஐயா, வெளிநாட்டில சொந்தக்காரர் பாத்துக்கொண்டிருக்கினம். இது நடுவில நிண்டா வடிவில்லாமல் இருக்கும்."

மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகவே அதை வாங்கிக்கொண்டு போய்ப் படலைக்கு வெளியே, தண்ணி ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் வைத்தான். இப்போது எல்லோரும் மரியாதையாகத்தான் ஆளை வெளியே தள்ளுகிறார்கள். ஏசினால் திருப்பி ஏசலாம். மரியாதையை என்ன செய்வது?

மோகன் வந்தான். தலை நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்தான்.

"அங்கிள், வந்ததுக்கு நன்றி. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. உள்ள வந்து இருங்கோ."

வந்ததுக்கு நன்றியாம். அங்கிளாம். என் சாறத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தவன்.

"மோகன், என்ர அப்பாட கதிரை எங்க நிக்குது?"

"எந்தக் கதிரை அங்கிள்? ஓ, பழைய சாமான் எல்லாம் பின்னுக்குக் கொட்டிலுக்குள்ள வைப்பிச்சிட்டன். இடம் காணாது."

உள்ளே போய் அக்காவின் காலடியில் பூவைப் போட்டுக் கும்பிட்டேன். எத்தனையோ செத்த வீட்டில் தேவாரம் படித்தவன் நான், குரல் அவ்வளவு நல்லதில்லை, ஆனால் சத்தம் காணும். வாயைத் திறக்கப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் ஆரோ ஏற்கனவே படித்துக்கொண்டிருந்தார். நல்ல குரல். பூமணியக்காவை அவருக்குத் தெரியாது. என் மனுசி விடிய எழும்பி ஒரு பானை சோறும் பருப்பும் கறியும் வைத்து அனுப்பியிருந்தாள். செத்த வீட்டில் அடுப்பு எரியாதே. மூடி திறக்காமல் அது அப்படியே திரும்பி வந்தது. எல்லோருக்கும் பெட்டியில் சாப்பாடு, போத்தலில் தண்ணி.

அந்த வெள்ளைக் கதிரையில் நான் இருக்கவில்லை. வீம்பு என்று சொல்லுங்கள், ஓம், வீம்புதான். படலைக்கு வெளியே கோழிக்காலுக்குப் பக்கத்தில் நின்றேன். மழை துமித்தது, பிறகு பெய்தது. ஆரோ ஒரு குடையை நீட்டினார்கள். கதிரைக்கு ஒருத்தரும் குடை பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை, இரண்டு பேரும் நனைவோம் என்று நின்றேன்.

மறுநாள் பிள்ளையாருக்கு முன்னால் நின்று சொன்னேன்: அக்கா கேட்டால் சொல்லும் ஐயனே, ஆர் அழுதது, ஆர் நடிச்சது எண்டு தம்பி பாக்கேல்லை. தலைமாட்டில இருக்க விடேல்லை. தம்பி பாத்ததெல்லாம் முதுகுகளும் சப்பாத்துகளும்தான். கும்பிடுகிற இடத்தில் கோபிக்கக்கூடாது என்று தெரியும். அவருக்குக் காது பெரிசு, கோபமும் கேட்டிருக்கும்.

எட்டுச் செலவு முடிந்து இரண்டொரு நாளில் லொறி வந்தது. வீட்டை விற்கப் போகிறார்களாம், சாமான் எல்லாம் ஏற்றுகிறார்கள். நான் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது மோகன் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வருகிறான். இரண்டு கையாலும் அப்பாவின் கதிரையைப் பிடித்துக்கொண்டு. தலையில் கவிழ்க்கவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பரிசு கொண்டுவருகிற மாதிரி.

"அங்கிள், அம்மா அடிக்கடி ஃபோனில சொல்லுவா, இது உங்கட அப்பாட கதிரை எண்டு. லொறியில ஏத்த மனம் வரேல்லை. உங்கட சாமானை உங்களிட்டச் சேக்கிறதுதானே முறை."

நான் எழும்பி நின்றேன்.

"தம்பி, செத்த வீட்டில மாறின கதிரை. அதைத் திருப்பிக் குடுக்கிறதில்லை."

"அப்பிடியோ? அதெல்லாம் அந்தக் காலம் அங்கிள்."

"அந்தக் காலத்திலதான் மோனே நீயும் பிறந்தனி. உந்தக் கதிரையில வைச்சுத்தான் உனக்குச் சோறு தீத்தினது."

அவன் கதிரையைப் பார்த்தான். தேய்ந்த கைபிடியை விரலால் ஒருக்கால் தடவினான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் காத்துக்கொண்டு நின்றேன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அவன் "மாமா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு எல்லாம் ஆறியிருக்கும். ஃபோன் அடித்தது. லொறிக்காரன். "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டுக் கதிரையை எனக்கு முன்னால் வைத்தான்.

"அப்ப நான் வரட்டே அங்கிள்? உங்களிட்ட நிக்கிற மற்றக் கதிரையையும் நீங்களே வைச்சிருங்கோ. எங்களுக்குத் தேவைப்படாது."

கும்பிட்டுவிட்டுப் போனான். என் மனுசி கதவடியில் நின்று, "நல்ல பிள்ளைதானே, லொறியில ஏத்தாமல் கொண்டுவந்து தந்தவன்" என்றாள். அவள் சொல்வது சரி. கெட்டவன் இல்லை. கெட்டவன் என்றால் கோபித்துவிட்டு மறந்துவிடுவேன். நல்ல மனதோடு கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. வேலி ஓட்டைக்குள்ளால் எங்கள் அம்மா போய் வந்த வழியை, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிக் காப்பாற்றியதை, அப்படியே சுருட்டி மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டான். இனி நான் பின்னேரம் எங்கே போவது?

முந்தநாள் ஒழுங்கையில் நடந்து பார்த்தேன். புது மதில்கள், புதுக் கேட்டுகள். ஒரு கேட்டில் கமெரா. நான் கொஞ்சம் நின்று பார்க்க, உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது, "ஆர் நீங்கள்? என்ன வேணும்?" நான் பிறந்த ஒழுங்கையில் நிற்கிறேன். அந்தக் கேட்டு நிற்கிற இடத்தில் எங்கள் அப்பா சாம்பல் அடித்த படலை நின்றது. அந்த வீட்டில் ஒரு காலம் எங்களுடைய கதிரை ஒன்று நின்றது. இதை எல்லாம் கமெராவுக்குச் சொல்லவா? "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது விறாந்தையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நனைந்தது காய்ந்துவிட்டது. இன்று விடிய இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று கோடும் இருக்கிறது, கோழிக்காலும் இருக்கிறது. "நங்கூரமடா" என்று திருத்த ஆளில்லை. மஞ்சள் தண்ணி தெளிக்கவா வேண்டாமா என்று மனுசி கேட்டாள். இரண்டையும் நிமிர்த்தி வைத்தேன்.

என் வீட்டில் இருக்கிற கதிரை எல்லாம் இப்போது என்னுடையவைதான். இந்த ஊரில் வேறு ஒருத்தருடைய வீட்டிலும் என்னுடைய கதிரை இல்லை.